அருவித் தண்ணீரில் விளைந்த கெம்பு

திங்கள், பாரிஸ்

கெம்பு விளையும் இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இலங்கையில் ரத்தினபுரிக்குப் போவார்கள். துணிச்சல் இருந்தால் பர்மாவில் மோகோக். நான் கிளம்பியிருப்பது சுவிட்சர்லாந்தில் மோந்தே என்ற சின்ன ஊருக்கு. அந்த ஊர் மண்ணிலிருந்து யாரும் கெம்பு தோண்டியதில்லை. ஆனாலும் 1914 முதல் அங்கே கெம்பு விளைகிறது, அதுவும் கிலோக்கணக்கில். விளைவிப்பது ஜெவா என்ற நிறுவனம். முழுப்பெயர் ஜெவாஹிர்ஜியான். ஆரம்பித்தவர் ஹ்ராந்த் ஜெவாஹிர்ஜியான் என்ற ஆர்மேனியர்.

திருச்சிப் பக்கத்து ஆளுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். எங்கள் பக்கம் திண்ணைக்குத் திண்ணை சாணைச் சக்கரம் ஓடிய காலம் உண்டு. குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சித்தப்பாவும் சித்தியும் நாள் முழுக்கப் பட்டை தீட்டுவார்கள். தோட்டுக்கல், மூக்குத்திக்கல், மோதிரக்கல் எல்லாம் செயற்கைக் கல். "ரஃப்" என்ற தீட்டாத கல் பொட்டலமாக வரும், பட்டை தீட்டிய கல்லாகத் திரும்பிப் போகும். அந்த ரஃப் எப்படி உண்டாகிறது என்று அப்போது யாரும் யோசித்ததாக நினைவில்லை.

செயற்கைக் கெம்பு செய்யும் வித்தை பிறந்தது பாரிஸில் என்பதால் முதல் நாள் இங்கே. செய்ன் நதியோரம் இருக்கும் தாவரத் தோட்டத்துக்குள்ளேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கிறது. அதன் கனிமக் கூடம் 1830களில் கட்டிய நீளமான கட்டடம். உள்ளே பிரேசிலிலிருந்து வந்த ராட்சதப் படிகங்களைப் பார்த்துக் கூட்டம் வாய்பிளந்து நிற்கிறது. நான் தேடி வந்தது அவற்றை அல்ல. ஒகஸ்ட் வெர்னுய் என்ற வேதியியலாளர் வேலை பார்த்த நிறுவனம் இது என்பதற்காக வந்தேன்.

வெர்னுய் 1856ல் டன்கர்க்கில் பிறந்தவர். இளம் வயதிலேயே எட்மோந் ஃப்ரெமியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஃப்ரெமி மூசைகளில் அலுமினாவையும் (அலுமினியம் ஆக்சைடு) சில உப்புகளையும் போட்டு, நாள்கணக்கில் சூளையில் வைத்துக் கெம்பு உண்டாக்கினார். வந்தவை நிஜமான கெம்புதான், ஆனால் மெல்லிய சின்னச் சின்னத் தகடுகள். அதை வைத்து நகைக்கடை நடத்த முடியாது. பெரிதாக்க வேண்டுமானால் வேறு வழி வேண்டும் என்று வெர்னுய் நெருப்புச் சுடருக்கு மாறினார்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. ஊரைக் கூட்டவில்லை. குறிப்புகளை உறையிலிட்டு, முத்திரை வைத்து, 1891லும் 1892லும் அறிவியல் அகாதெமியில் ஒப்படைத்துவிட்டு மேலும் பத்து வருடம் பொறுமையாகச் சீர்படுத்தினார். 1902ல்தான் வெளியே சொன்னார். அந்த உறைகளைத் திறந்தது 1910ல். கெட்டிக்காரர். முந்திச் செய்தவர் யார் என்ற சண்டை வந்தால் உறை சாட்சி சொல்லும்.

செவ்வாய், ஜெனீவா

காலையில் பாரிஸின் 'கார் த லியோன்' நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயில். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஜெனீவாவில் காபி விலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். குழாய்த் தண்ணீர் இங்கே நன்றாக இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

இந்த ஊர்ப் பெயரில் ஒரு பழைய வம்பு உண்டு: "ஜெனீவா ரூபி". 1880களின் நடுவில் நல்ல சிவப்பில், நல்ல அளவில் சில கெம்புகள் சந்தைக்கு வந்தன. அசல் கல் என்று சொல்லி, அசல் கல் விலைக்கே விற்றார்கள். யாருக்கோ சந்தேகம் வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள். பூமிக்குள் விளைந்த கல்லில் அப்படி இருக்காது. 1886ல் பாரிஸ் வியாபாரிகள் சங்கம் இவற்றைச் செயற்கைக் கல் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஜெனீவாவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் செய்தார்கள் என்ற பேச்சால் ஊர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அசல் கெம்புத் துண்டுகளை உருக்கி ஒட்டிச் செய்தவை என்று பல காலம் நம்பினார்கள். "மறுசீரமைத்த கெம்பு" என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய கற்களை எடுத்து ஆராய்ந்தபோது, அவையும் அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் செய்தவைதான் என்று தெரிந்தது. ஆக, வெர்னுய்க்கு முன்பே பெயர் தெரியாத யாரோ பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார். வியாபாரத்தில் நேர்மையாக இருந்திருந்தால் இன்று அந்த ஆளின் பெயரில்தான் இந்த முறை வழங்கியிருக்கும்.

புதன், மோந்தே

ஜெனீவாவிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு ரயில் போகிறது. வழியில் நியோன் வருகிறது. அதற்குச் சற்று மேலே துயில்யே என்ற சிற்றூர், நிக்கோலா ஃபாசியோ வளர்ந்த இடம். நியூட்டனின் நண்பர். லண்டனில் இருந்தபோது, கெம்பில் நுண்துளை போட்டுக் கடிகாரச் சக்கரத்தின் அச்சை அதில் சுழலவிடலாம் என்று கண்டுபிடித்தவர். 1704ல் டெபோஃப்ரே சகோதரர்களோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். லண்டன் கடிகாரக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றைக்கு இது ஏன் முக்கியம் என்பதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

லாவோ திராட்சைச் சரிவுகள், மோந்த்ரே, சியோன் கோட்டை. இதெல்லாம் நம் சினிமாப் பாட்டுகளில் பார்த்த காட்சிகள், விவரிக்க மாட்டேன். ஏகிள் நிலையத்தில் இறங்கி, ஷாம்பேரி வரை மலையேறும் சின்ன ரயிலில் மாற வேண்டும். ரோன் நதியைத் தாண்டினால் வாலே மாநிலம், அப்புறம் மோந்தே.

ஊரைச் சுற்றுலாப் புத்தகங்கள் கண்டுகொள்வதில்லை. காரணம், ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய ரசாயன ஆலை. குழாய்களும் தொட்டிகளுமாக நகரத்தின் ஒரு பாகத்தையே அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் 'தான் து மிதி' என்ற மலையின் பனிச்சிகரங்கள். ஊருக்குள் வியெஸ் ஆறு, அதன் மேல் கூரை போட்ட பழைய மரப்பாலம். பள்ளத்தாக்கிலிருந்து ஆறு இறங்கி வரும் வேகத்தைப் பார்த்தாலே இந்த ஊரின் கதை பாதி புரிந்துவிடும்.

கெம்பு என்றால் வேதியியலில் அலுமினியம் ஆக்சைடு, அதோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குரோமியம் ஆக்சைடு. அவ்வளவுதான். அலுமினாவை எடுப்பது அமோனியம் படிகாரத்திலிருந்து. நாம் கடைவாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் படிகாரத்தின் தம்பி. அதைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கிச் சுத்தம் செய்து, சுட்டு எரித்தால் அமோனியாவும் கந்தக வாயுக்களும் போய் மாவுபோன்ற வெள்ளைப் பொடி மிஞ்சும். குரோமியத்தை முன்னமே கலந்துவிடுவார்கள். மலிவான சரக்கு.

மலிவாக இல்லாதது வெப்பம். அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். விறகும் கரியும் அங்கே எட்டாது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடர் எட்டும். வெர்னுய் அந்தச் சுடரைத் தலைகீழாக, கீழ்நோக்கி எரியவிட்டார். மேலே சல்லடை அடியுள்ள ஒரு டப்பாவில் பொடி. அதன் மேல் ஒரு சின்னச் சுத்தியல் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் சிட்டிகைப் பொடி ஆக்சிஜனோடு குழாய் வழியாக இறங்கும். சுற்றியுள்ள வெளிக்குழாயில் ஹைட்ரஜன் வரும். இரண்டும் சேருமிடத்தில் சுடர். பொடி அதில் உருகித் துளியாகக் கீழே பீங்கான் தண்டின் நுனியில் விழும். முதலில் ஊசிமுனைபோல ஒரு கூம்பு. மேலும் விழ விழ அது அகன்று, உச்சி உருகிய நிலையிலும் அடி உறைந்த நிலையிலும் வளரும். வளர்வதற்கேற்பத் தண்டைக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து, சில மணி நேரத்தில் விரல் தடிமனில் பேரிக்காய் வடிவக் கட்டி தயார்.

கல்லுக்கும் தண்டுக்கும் இடையே தொடும் இடம் இவ்வளவு சிறியதாக இருப்பதில்தான் வெர்னுய்யின் சாமர்த்தியம். தொடும் இடம் பெரிதானால் ஆறும்போது வெடித்துவிடும். அப்படியும் உள்ளே இறுக்கம் இருக்கும், அதனால் கட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவார்கள். நாங்கள் சின்ன வயதில் பார்த்த ரஃப் ஏன் எப்போதும் பாதி வட்டமாகவே இருந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும். மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும், சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி இல்லை. ஆனால் வாலேயில் மலையிலிருந்து விழும் தண்ணீர் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத்தைத் தின்னும் ஆலைகள் வரிசையாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தன. மோந்தேயில் சீபா, ஃபிஸ்பில் லோன்சா என்ற ரசாயன நிறுவனங்கள், ஷிப்பியில் 1908 முதல் அலுமினிய ஆலை. ஜெவாஹிர்ஜியானும் அந்த வரிசையில் 1914ல் வந்து சேர்ந்தவர்.

ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வெள்ளைப் பொடியை வைத்து இரண்டு தொழில் நடந்திருக்கிறது. ஷிப்பியில் அலுமினாவின் ஆக்சிஜனைப் பிய்த்தெடுத்துப் பாத்திர உலோகமாக்கினார்கள். மோந்தேயில் அதை அப்படியே உருக்கி ரத்தினமாக்கினார்கள். இரண்டுக்கும் மூலதனம் அருவி.

ஜெவா சுற்றுலாத்தலம் அல்ல. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். பெரிய அலங்காரம் எதுவும் இல்லாத தொழிற்சாலை, அவ்வளவே. இவ்வளவு ரத்தினம் வெளிவந்த இடத்துக்கு நம் ஊராக இருந்தால் குறைந்தபட்சம் ஒரு வளைவாவது கட்டியிருப்போம்.

வியாழன், மோந்தே

காலையில் ஊருக்கு மேலே மார்மெத் பாறையைப் பார்க்கப் போனேன். ஒரு வீட்டைவிடப் பெரிய கிரானைட் பாறை. அதன் தலையில் நிஜமாகவே ஒரு குட்டி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். பனியாறு மோன் பிளாங் மலைப்பக்கத்திலிருந்து சுமந்துவந்து இங்கே விட்டுப்போன கல். ரோனுக்கு அக்கரையில் இருக்கும் பே உப்புச் சுரங்கத்தின் இயக்குநர் ழான் த ஷார்பாந்தியே இந்தப் பாறைகளை ஆராய்ந்துதான், ஒரு காலத்தில் பனியாறுகள் இந்தப் பள்ளத்தாக்கையே நிறைத்திருந்தன என்று வாதாடினார். 1900களின் தொடக்கத்தில் இந்தப் பாறையைக் கல் வெட்டுகிறவருக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் பணம் திரட்டி மீட்டு, பாதுகாத்தார்கள். கல்லை உடைக்காமல் காப்பாற்றிய அதே ஊரில், சில வருடங்களில் புதுக் கல் செய்யும் தொழில் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் ரசித்தேன்.

ஜெவா வந்த 1914ல் முதல் உலகப்போர் தொடங்கியது. மறு வருடம் ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒரு ஆர்மேனியப் பெயர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வேரூன்றிய காலம் இது. வியாபாரக் காரணமும் வரலாறும் தனித்தனியாக ஓடுவதில்லை.

எண்ணிக்கையைச் சொன்னால்தான் விஷயத்தின் கனம் புரியும். வெர்னுய் முறையில் உலக உற்பத்தி 1907ல் 1,000 கிலோ. 1912ல் 3,200 கிலோ. 1980ல் 2,00,000 கிலோ. 2000ல் 2,50,000 கிலோ. முன்னணியில் இருந்தது இந்த மோந்தே தொழிற்சாலை. ஒரு காரட் 0.2 கிராம் என்று கணக்குப் போட்டால் 2000ஆம் ஆண்டில் மட்டும் 125 கோடி காரட். உலகத்துச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கணக்குக்கு ஈடு கொடுக்க முடியாது.

சிவப்போடும் நிற்கவில்லை. நீலத்துக்கு முதலில் கோபால்ட் போட்டுப் பார்த்தார்கள், நிறம் திட்டுத்திட்டாக நின்றது. நிறத்தைப் பரப்ப மக்னீசியம் சேர்த்தபோது நீலக்கல்லுக்குப் பதிலாக ஸ்பினெல் என்ற வேறு கல்லே வந்துவிட்டது. அது 1908. வேண்டாமல் பிறந்த பிள்ளை, ஆனால் நன்றாகச் சம்பாதித்தது. எல்லா நிறத்திலும் செய்யலாம் என்பதால் மலிவு மோதிரங்களில் பச்சை, வெளிர்நீலம் என்று பரவியது. அசல் நீலக்கல்லின் ரகசியம் இரும்பும் டைட்டானியமும் என்பதை வெர்னுய்தான் 1910 வாக்கில் பிடித்தார். வனேடியம் கலந்தால் பகலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறம் காட்டும். அதை அலெக்சாண்ட்ரைட் என்ற நிறம் மாறும் அரிய கல் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகள் தலையில் இன்றும் கட்டுகிறார்கள். அம்மாக்கள் ஆசையாக வாங்கி வருவதில் இதுவும் ஒன்று, சொன்னால் சண்டை வரும்.

இரவு சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, நீங்க தீட்டுன மாதிரிக் கல்லு பொறக்குற ஊருல இருக்கேன்."

"அங்கயும் போயிக் கல்லா? ஊரு ஒலகத்துல பாக்க வேற ஒண்ணும் இல்லையாடா?"

"உள்ள கோடு வளைஞ்சு இருக்கும்னு சொல்லுவீங்களே, ஏன்னு இப்பத்தான் புரிஞ்சுது. உச்சி குமிழ் மாதிரி வளருது, அதான்."

"அது இருக்கட்டும். ரஃப்பு என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்டியா? எங்க காலத்துலயே கல்லுக்கு விலை இல்லடா. தீட்டுற கைக்குத்தான் கூலி. அந்தக் கூலியையும் குறைச்சுக் குறைச்சுத்தான் குடுத்தாங்க."

இந்தத் தொழிலின் முழு வரலாற்றையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நெருப்பும் மின்சாரமும் கல்லின் விலையைக் கீழே தள்ளின. மிஞ்சியது பட்டை தீட்டும் கூலி. கூலி எங்கே குறைவோ அங்கே கல் பயணம் போகும். முதலில் பிரான்ஸின் ஜூரா மலைக் கிராமங்கள், ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன், பிறகு திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துத் திண்ணைகள். மேட்டுப்பாளையத்தில் 'இந்தோ ஸ்விஸ்' என்ற பெயரிலேயே ஒரு செயற்கைக் கல் ஆலை இருந்தது. 1976ல் கியூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்தபின், எங்கள் ஊர்ச் சாணைகளில் வெள்ளைக் கல்லுக்கு மவுசு கூடியது, அதைத்தான் நாம் அமெரிக்கன் டைமண்ட் என்கிறோம். அப்புறம் சீனாவின் வூஜோவிலிருந்து இயந்திரத்தில் பட்டை போட்ட கல் வந்து திண்ணைகளைக் காலி செய்தது. மோந்தேக்காரர்கள் தங்கள் ஆற்றை யாரும் எடுத்துப்போக முடியாது என்பதால் தாக்குப்பிடித்தார்கள். எங்களிடம் இருந்தது கை மட்டும்.

வெள்ளி, லா ஷோ-த-ஃபோன்

நுஷாத்தெல்லிலிருந்து மலையேறும் ரயில் ஷாம்ப்ரெலியன் என்ற நிலையத்தில் முட்டி நின்று, பின்பக்கமாகக் கிளம்புகிறது. தூங்கி எழுந்தவர் ஊருக்கே திரும்பிப் போகிறோம் என்று பதறுவார்.

லா ஷோ-த-ஃபோன் 1794 தீவிபத்துக்குப் பிறகு கோடு போட்ட மாதிரி தெருக்களோடு கட்டிய கடிகார ஊர். வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் விழுமாறு தெருக்களைத் திட்டமிட்டார்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து கடிகாரம் செய்ய வேண்டுமே. 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே பாதி பூமிக்கடியில் இருக்கும் சர்வதேசக் கடிகார அருங்காட்சியகத்தில்தான் மதியம் முழுக்கக் கழிந்தது.

கெம்பின் உண்மையான வாடிக்கையாளர் கடிகாரம். நகை அதற்குப் பிறகுதான். ஃபாசியோவின் யோசனை நல்ல யோசனை, ஆனால் இருநூறு வருடம் அசல் கெம்பையும் கார்னெட்டையும் துளைத்துக்கொண்டிருந்தார்கள். விலையுயர்ந்த கடிகாரத்தில் மட்டும் கட்டுபடியாகும். வெர்னுய் கல் வந்ததும் சாதாரணக் கடிகாரத்துக்கும் 17 கல் வைக்க முடிந்தது. எங்கள் தாத்தாக்கள் கட்டிய எச்எம்டியின் முகப்பில் "17 ஜுவல்ஸ்" என்று இருக்குமே, அது இதுதான். எஃகு அச்சு கெம்புத் துளையில் சுழன்றால் உராய்வு குறைவு, தேய்மானம் குறைவு, எண்ணெய் நிற்கும். பழைய கரண்ட் மீட்டரின் சுழலும் தட்டுக்கு அடியிலும் இப்படி ஒரு நீலக்கல் தாங்கி இருந்தது. கரண்ட் பில் ஏறியதற்கு ரத்தினமும் உடந்தை.

விமானக் கருவிகளுக்கும் இதே தாங்கிகள் வேண்டியிருந்ததால், இரண்டாம் உலகப்போரில் சுவிஸ் சரக்கு வருமா என்ற பயத்தில் அமெரிக்கா தன் மண்ணிலேயே வெர்னுய் உலைகளை அமைத்தது, லிண்டே நிறுவனத்தின் மூலம். போர் முடிந்த பிறகும் பயம் போகவில்லை. 1950களில் வடக்கு டகோட்டாவின் ரோலா என்ற சின்ன ஊரில், பூர்வகுடிகளின் நிலத்துக்குப் பக்கத்தில், அரசே தாங்கிக் கல் ஆலை ஒன்றைத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத துளை போட்ட ஒரு கல்லுக்காக!

1970களில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தபோது 17 கல்லுக்கான தேவை சரிந்தது. இந்த ஊரில் அந்தச் சரிவைப் பற்றிப் பேசினால் வயதானவர்களின் முகம் மாறுகிறது. கல் செய்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. 1962ல் ராடோ தன் டயாஸ்டார் கடிகாரத்துக்குக் கண்ணாடிக்குப் பதிலாக நிறமற்ற செயற்கை நீலக்கல்லை மூடியாக வைத்தது. வைரத்தைத் தவிர எளிதில் எதுவும் கீறாது. இன்று நடுத்தர விலைக் கடிகாரங்களில்கூட "சஃபையர் கிரிஸ்டல்" என்று எழுதியிருப்பது அதன் தொடர்ச்சி.

அருங்காட்சியகத்துக்கு வெளியே பழுதுபார்க்கும் கடை ஒன்றில் மாற்றுக் கற்கள் சின்னப் புட்டியில் கிடந்தன, எள்ளைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள். என்ன விலை என்று கேட்டேன். கல்லுக்குக் காசு பெரிதில்லை, பொருத்தும் வேலைக்குத்தான் என்று கடைக்காரர் தோளைக் குலுக்கினார். சித்தப்பா சொன்னதை அவர் பிரெஞ்சில் சொன்னார்.

நாளை காலை ரயிலில் பாசெல், அங்கிருந்து இடார்-ஓபர்ஸ்டைன். நாஹே நதியோரம் ஆற்றுத் தண்ணீரில் சாணை ஓட்டிய ஊர் அது. அந்தக் காலத்தில் அங்கே பட்டை தீட்டியவர்கள் வயிறு படியக் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்வார்களாம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.